ஈயம் மறைத்த இடுப்பெலும்பு

ஈயத்துண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்களாம். எப்போது? நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு. எக்ஸ்ரே அறையில் என் இடத்தில் இப்போது இருக்கும் சுகந்தி போன் செய்து சொன்னாள்.

"அக்கா, இடுப்பு எக்ஸ்ரேவுக்கு இனிமே ஈயம் வெக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. உடனே உங்களைத்தான் நெனச்சேன்."

நினைக்காமல் என்ன செய்வாள். அந்தத் துண்டை வைத்து நான் போட்ட சண்டைகளில் பாதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். வேலையில் இருந்த காலமெல்லாம் என் தலைமேல் உட்கார்ந்திருந்த சனியன், நான் சிங்காநல்லூர் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது இறங்குகிறது. இந்தப் புத்தி கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்றேன். சிரித்துவிட்டு, "அதை எழுதிக் குடுங்கக்கா, நம்ம டெக்னீசியன் சங்கத்து ஆண்டு மலருக்கு ஆகும்" என்றாள். எழுதுகிறேன். கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பைப் படமெடுக்கும்போது கருப்பையும் சினைப்பையும் இருக்கும் இடத்தில் கதிர் படக்கூடாதென்று, ரப்பர் உறை போட்ட ஈயத்துண்டு ஒன்றை அடிவயிற்றில் வைப்போம். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் சினைப்பை எந்த இடத்தில் இருக்கிறதென்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல யாருக்குக் கண் இருக்கிறது? நாம் ஒரு இடத்தில் வைப்போம், அது வேறொரு இடத்தில் இருக்கும். புது மெஷின்கள் இன்னும் மோசம். தாமாக அளவு பார்த்துக் கதிர் விடுபவை அவை. குறுக்கே ஈயம் படுத்திருந்தால் கதிர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கூடுதலாக விடும். காப்பாற்ற வைத்த பொருளால் வந்த வினை இது.

இதற்குமேல் எங்கள் ஊர் மரியாதை வேறு. கல்யாணம் ஆகாத பெண் என்றால் ஈயத்துண்டு பெரிதாகும். நல்ல குடும்பத்துப் பெண் என்றால் இன்னும் பெரிதாகும். கூட யாராவது பெரியவர்கள் வந்து நின்றால் துண்டு போய், நாங்கள் உடுத்திக்கொள்ளும் முழு ஈய அங்கியே அந்தப் பெண்ணின் மேல் ஏறும். மரியாதை காட்டிக் காட்டியே எத்தனை பெண்களின் இடுப்பெலும்பை யாருமே பார்க்காமல் போயிருப்போம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இந்த வேலைக்குப் படித்த கதையில் எழுத ஒன்றுமில்லை. இருட்டறையில் நின்று பிலிம் கழுவியதில் சேலையெல்லாம் புளித்த வாடை ஏறியது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் படிப்பு. வேலை கற்றுக்கொண்டது எலும்பு வைத்தியம் மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவமனையில், டாக்டர் ரங்கநாதனிடம். இடுப்பு மூட்டு அறுவையில் கைதேர்ந்தவர்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். இவருக்கோ கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் என்னை "விஜயா" என்பார். படம் சுமார் என்றால் "அம்மணி" என்பார். படம் மகா மோசம் என்றால் "அம்மணிங்க" என்பார். மறுபடி எடு என்று ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. பிலிம் காலத்தில் படத்தை விளக்குப் பெட்டியில் தலைகீழாக மாட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகு திரையை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். நானாக "திருப்பி எடுத்துட்டு வாரேனுங்க" என்று சொல்கிறவரை அந்தச் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ரெண்டு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன என்று எனக்கு இருக்கும்.

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இடுப்பைப் படமெடுப்பது கையைப் படமெடுப்பது போல அல்ல. மல்லாந்து படுத்தால் யாருக்கும் பாதம் வெளிப்பக்கம் சாயும். அப்படியே எடுத்தால் தொடையெலும்பின் கழுத்து குட்டையாகத் தெரியும், படம் வீண். இரண்டு பாதங்களையும் உள்பக்கம் திருப்பிக் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொடும்படி வைக்கவேண்டும். "ரெண்டு கட்டைவெரலும் பேசிக்கோணும் விஜயா" என்பார். இடுப்பின் இரண்டு முன்முனைகளையும் விரலால் தொட்டு, மேசையிலிருந்து ஒரே உயரம்தானா என்று பார்க்கவேண்டும். அடியில் பாவாடை முடிச்சு சுருண்டிருந்தால்கூட இடுப்பு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்டால் மூட்டுக் குழி உள்ளபடி தெரியாது. ஆழமில்லாத குழி ஆழமாகத் தெரியும், நேரான குழி திரும்பியிருப்பது போலத் தெரியும். அதனால் படம் வந்ததும் முதலில் பார்ப்பது குழியை அல்ல. வாலெலும்பின் நுனியும், முன்னால் இரண்டு எலும்புகளும் சேருமிடமும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றுதான். அது சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. இப்போது சொல்லுங்கள், சரியாக அந்த இரண்டையும் மறைத்துக்கொண்டுதான் ஈயத்துண்டு படுக்கும் என்றால் எரிச்சல் வருமா வராதா?

இந்தக் குழியின் வடிவத்துக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்பீர்கள். நம் ஜனங்களுக்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போக மூன்று காரணம்தான் தெரியும். வயசு, வாயு, விழுந்தது. கூடப் பிறந்த அமைப்பு என்று ஒன்று இருப்பதைச் சொன்னால் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்கள். தொடையெலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி, பணியாரக்கல்லின் குழி போல ஆழமாக இருக்கவேண்டும். சிலருக்கு இட்லித் தட்டின் குழி போல அமைந்துவிடும். உருண்டை அதில் உட்காராது, விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். உடம்பின் பாரமெல்லாம் அந்த விளிம்பில் விழுந்து குருத்தெலும்பு தேயும். வேறு சிலருக்குக் குழி அளவுக்கு மேல் ஆழமாகவோ, வாய் பின்பக்கம் திரும்பியோ இருக்கும். அவர்கள் குனியும்போதெல்லாம் எலும்பு எலும்பில் இடிக்கும். வலி தொடையிடுக்கில் வரும், சில சமயம் முழங்காலில் போய் நிற்கும். முழங்காலைப் படமெடுத்துவிட்டு "ஒண்ணுமில்லீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தேய்ந்து முடிந்த பிறகு வந்தால், வயசாச்சில்ல என்பார்கள்.

படமெடுக்க விடுவதற்கும் ஆயிரம் தடை. மதுக்கரையிலிருந்து ஒருவர் வந்தார், சிமெண்டு ஆலையில் வேலை. இடுப்பில் அரைஞாண் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து. படத்தில் அந்தத் தாயத்து மூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கயிற்றைக் கழற்றுங்கள் என்றேன். "அதைப் பொணத்துக்குத்தானுங்க அறுப்பாங்க" என்றார். அறுக்கவேண்டாம், நெஞ்சுக்கு ஏற்றிவிடுங்கள் என்று சொல்லி, தொப்பையைத் தாண்டி அதை ஏற்றுவதற்குள் எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

அவரெல்லாம் பரவாயில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் தாராபுரம் பக்கமிருந்து கோகிலா என்ற பெண் அவள் அம்மாவோடு வந்தாள். தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கோ-கோ ஆடி மாவட்டம் வரை போனவள், இப்போது பஸ் படியில் இறங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கவேண்டியிருந்தது. மஞ்சள் காட்டில் வேலை பார்க்கும் அம்மா துளசிமணி ஒரு துணிப்பை நிறையப் படங்கள் வைத்திருந்தாள். ஒரு இடத்தில் முழங்காலை எடுத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் முதுகெலும்பை எடுத்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் யாரோ புத்திசாலி இடுப்பை எடுத்திருந்தார், ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணாயிற்றே என்று முழு அங்கியைப் போர்த்தி எடுத்திருந்தார். தொப்புளிலிருந்து தொடை வரைக்கும் வெள்ளை. டாக்டர் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கப் போனார். நல்லவேளை, அது நான் எடுத்ததில்லை.

கோகிலாவின் காலை மடக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"மூட்டுக் குழி ஆழம் பத்தலையோன்னு நெனைக்கறனுங்க. தெளிவா ஒரு படம் வேணும். குருத்தெலும்பு மிச்சம் இருந்தா, குழியைச் சுத்தி எலும்பை வெட்டி, உருண்டையை மூடற மாதிரி திருப்பி வெச்சுப்போடலாம். தேஞ்சு முடிஞ்சிருச்சுன்னா மூட்டையே மாத்தோணும். இந்த வயசுல அது வேண்டாமுங்க. நாள் கடத்தாதீங்க."

"அடுத்த மாசம் நிச்சயதார்த்தமுங்க" என்றாள் துளசிமணி. "மாப்பிள்ளை ஊடு பல்லடம். கண்ணாலம் முடியட்டுமுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

"எலும்புக்குக் கண்ணாலத் தேதி தெரியாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, என்னிடம், "விஜயா, மறைப்பில்லாம எடுத்துட்டு வாங்க" என்றார்.

அறைக்குள் வந்ததும் ஆரம்பித்தது. ஈயம் வைக்காவிட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று துளசிமணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குப் புள்ளை பொறக்கலைன்னா பதில் யாருங்க சொல்றது? நீங்களா சொல்லுவீங்க?" நான் விளக்கிச் சொன்னேன். இன்னொரு தடவை விளக்கிச் சொன்னேன். மேசையில் படுத்திருந்த கோகிலா கூரையைப் பார்த்துக்கொண்டே, "எடுங்கக்கா. வலிக்கறது எனக்கு" என்றாள். டீச்சர் வேலை பார்க்கிற பெண், பிள்ளைகளை விசில் ஊதி வரிசையில் நிறுத்துகிறவள், தன் இடுப்பைப் படமெடுக்க அம்மாவைக் கெஞ்சவேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கடைசியில், இருப்பதிலேயே சின்னத் துண்டை எடுத்து, குழிகளின் விளிம்பு தப்பும்படி, அளந்து, மேலே தள்ளி வைத்தேன். கட்டைவிரல்களைச் சேர்த்தேன். துளசிமணியை வெளியே போகச் சொன்னேன். போகிற போக்கில் பெண்ணின் போர்வையைச் சரிசெய்வது போலக் குனிந்தவள், ஈயத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். அணைத்தார்.

"ஏனுங்க அம்மணிங்க, இதுல நான் எதைங்க பாக்கறது? ஈயத்துக்குங்களா வைத்தியம் பாக்கோணும்?"

இத்தனை 'ங்க' நான் அவரிடம் கேட்டதே இல்லை. நேராகத் துளசிமணியிடம் போனேன். "ஏனுங்கம்மா, நான் வெச்சதை ஏனுங்க இழுத்தீங்க? கதிர் வேண்டாம் வேண்டாம்னு நீங்க பண்ணுன காரியத்துல இப்ப ரெண்டாந்தடவை கதிர் படோணும்."

"ரெண்டாந்தடவை எடுக்க உடமாட்டேனுங்க" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கெளம்பு கண்ணு. பொழுதோட ஊடு போய்ச் சேரலாம்." கோகிலா எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. அம்மா நடைவழியில் தனியாக நடந்து போனாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி நடந்து வந்தாள்.

டாக்டருக்கு ஒரு வழக்கம். படத்துக்கு முன்னால் ஆளை நடக்கவிட்டுப் பார்ப்பார், அதற்காகவே கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து துளசிமணியின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அம்மா, நீங்க எத்தனை வருசமா இப்படிச் சாஞ்சு சாஞ்சு நடக்கறீங்க?"

"சின்னப்புள்ளையில கெணத்துப் படியில உளுந்துபோட்டனுங்க. அதுல இருந்து நொண்டல்தான்."

"எந்தக் காலுங்க அடிபட்டது?"

"வலது காலுங்க."

"சாயறது ரெண்டு பக்கமுமுங்களே."

அவள் தோளில் கிடந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு படம் எடுத்துப் பாக்கலாமுங்களா?" என்றார்.

"எனக்கென்னங்க, நான் பெத்து முடிச்சவ. எடுத்துக்குங்க."

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவளே மேசையில் ஏறிப் படுத்தாள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவளுடைய பாதங்களை உள்ளே திருப்பப் பார்த்தேன், கட்டைவிரல்கள் கிட்டவே வரவில்லை. மூட்டு இறுகிப்போயிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "அது எப்பவும் இருக்கறதுதானுங்க" என்றாள். அந்த வலியோடு இவள் மஞ்சள் காட்டில் எத்தனை வருடம் குனிந்து களையெடுத்தாளோ என்று நினைத்ததும், அதுவரை அவள்மேல் இருந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் என் கையிலேயே நின்றுவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்து டாக்டர் திரையை அணைக்கவில்லை. அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். இரண்டு பக்கமும் தட்டையான குழி. உருண்டைகள் மேலே நசுங்கியிருந்தன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி இல்லவே இல்லை.

"இது உளுந்து வந்ததில்லீங்கம்மா. பொறந்ததுல இருந்தே இருக்கற அமைப்பு. உளுந்திருந்தா ரெண்டு பக்கமும் இப்படி ஒரே மாதிரி இருக்காதுங்க. இதேதான் உங்க பொண்ணுக்கும் இருக்குமோன்னு பாக்கறேன். உங்களுக்குத் தேஞ்சு முடிஞ்சிருச்சு. பொண்ணுக்குக் குருத்தெலும்பு இன்னும் மிச்சம் இருக்கலாம்."

துளசிமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா வந்து கதவருகில் நின்றாள். துளசிமணி சொன்னாள்.

"எங்கப்பன் தோட்டத்துல கெணறே இல்லீங்க."

எங்களுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எங்களுது வாய்க்காப் பாசனமுங்க, அமராவதித் தண்ணி. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, உளுந்து நொண்டறான்னு எங்கப்பன் சொல்லிப்போட்டாரு. உளுந்ததுன்னா அது என்னோட போச்சுங்க. பொறவியிலயேன்னு சொன்னா என் தங்கச்சிக ரெண்டு பேரையும் எவன் கட்டுவான்? அதுக்கோசரம் வாயிலயே ஒரு கெணத்தை வெட்டிப்போட்டாரு. சம்பந்திக வந்து கெணறு எங்கேன்னு கேட்டப்ப மூடிப்போட்டம்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே உளுந்த மாதிரிதானுங்க ஞாவகம்."

யார்மேல் கோபப்படுவது? செத்துப்போன அந்த மனிதர்மேலா, பெண் கேட்டு வந்தவர்கள்மேலா? யாராயிருந்தாலும் கோபம் கோபமாகவே இருந்தது. துளசிமணி எழுந்து, சாய்ந்து சாய்ந்து எக்ஸ்ரே அறைக்குள் போனாள். மேசைமேல் கிடந்த ஈயத்துண்டை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இதை அக்கட்டால வெச்சுருங்க. கண்ணு, வந்து படு."

கோகிலாவின் கட்டைவிரல்கள் சுலபமாகத் தொட்டுக்கொண்டன. படம் வந்தது. வாலெலும்பும் முன்மூட்டும் நேர்கோட்டில் நின்றன. அம்மாவின் குழி எப்படியோ அப்படியே மகளுக்கும். ஆனால் நடுவில் இடைவெளி இருந்தது, கறுப்பாக, தெளிவாக. டாக்டர், "நல்ல படமுங்க விஜயா" என்றார். என் சர்வீசில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

பிள்ளைப்பேறு பற்றித் துளசிமணி கேட்டாள். இந்த அறுவை செய்துகொண்ட பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார். அடுத்தது கோகிலாவின் கேள்வி. அது அம்மாவைப் பார்த்து வந்தது.

"பல்லடத்துக்காரங்ககிட்ட என்னன்னு சொல்லப்போறீங்க? மறுபடியும் கெணறு வெட்டீராதீங்கம்மா."

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆளாளுக்குப் போன் செய்து கேட்பீர்கள். அறுவை நடந்தது. ஊன்றுகோலோடு நடந்தாள், பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் விசில் ஊதுகிறாள். கல்யாணம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

அன்றைக்குத் துளசிமணி நடைவழியில் நின்றபடியே போனை எடுத்துப் பல்லடத்துக்குப் பேசினாள். எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா. பொண்ணுக்கு இடுப்புல எலும்பு அமைப்பு சரியில்லைங்களாமா, ஆப்பரேசன் பண்ணோணுமுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப நான் ஏன் சாஞ்சு நடக்கறேன்னு கேட்டீங்களே, கெணத்துல உளுந்தேன்னு சொன்னேன். அது பொய்யிங்க. எனக்கும் இதேதான். யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரீங்க, சரீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். மறுபடியும் சண்டைக்குத்தான் வருகிறாளோ என்று நினைத்தேன்.

"எம்படத்துல இன்னொரு பிரதி போட்டுத் தாரீங்களா? தங்கச்சிக ரெண்டு பேருத்துக்கும் காட்டோணுமுங்க. அவிங்களுக்கும் பொண்ணுக இருக்குது."